மாநிலத்தின் சராசரியும் நல்லேப்பிள்ளியின் வாக்கும்: தேர்தல் கணிப்புகளை எவ்வளவு நம்பலாம்?

2024 ஜூன் 1 அன்று மாலை, ஏழு கட்டங்களாக நடைபெற்ற மக்களவைத் தேர்தலின் இறுதி வாக்குப்பதிவு முடிந்தவுடன் தொலைக்காட்சி நிறுவனங்கள் தத்தம் வாயிற் கணிப்புகளை வெளியிட்டன. கேரளம் அதற்கு 36 நாட்களுக்கு முன்பே, ஏப்ரல் 26 அன்று, ஒரே கட்டமாக வாக்களித்து முடித்திருந்தது. ஆக்சிஸ் மை இந்தியா நிறுவனத்தின் கணிப்பு, கேரளத்தின் 20 தொகுதிகளில் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 17 முதல் 18, பாரதிய ஜனதா கூட்டணிக்கு 2 முதல் 3, இடது ஜனநாயக முன்னணிக்கு பூஜ்யம் முதல் 1 என்று கூறியது. வேறு சில கணிப்புகள் இடது முன்னணிக்கு ஓரிடமும் தரவில்லை. ஜூன் 4 அன்று வந்த முடிவு 18, 1, 1. மாநில அளவில் பார்த்தால் இது பாராட்டத்தக்க துல்லியம்.

இடது முன்னணி வென்ற அந்த ஓரிடம் ஆலத்தூர் தனித்தொகுதி. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் தாலுகாவில் உள்ள நல்லேப்பிள்ளி ஊராட்சி இத்தொகுதிக்குள் அடங்குகிறது. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் புழங்கும் ஊர்களில் ஒன்று அது. மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்தபோது ஆலத்தூர் மட்டும் மறுபக்கம் நின்றது. 2019இல் இதே ஆலத்தூரில் காங்கிரசின் ரம்யா ஹரிதாஸ் 1,58,968 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். 2024இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.ராதாகிருஷ்ணன் 20,111 வாக்கு வித்தியாசத்தில் அவரை வென்றார். மூன்றாவதாக வந்த பாரதிய ஜனதா கூட்டணியின் வாக்குகள் 2019இல் இருந்ததைப் போல் இருமடங்காகி 1.88 லட்சத்தைத் தொட்டன. மாநிலக் கூட்டுத்தொகையைச் சரியாகச் சொன்ன கணிப்பு, இந்த ஊரில் நிகழ்ந்தது எதையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அந்தக் கருவியால் இயலவும் இயலாது.

கருத்துக்கணிப்பின் நம்பகத்தன்மை பற்றிய விவாதம் பொதுவாக "சரியாக இருந்ததா, தவறியதா" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. எந்த அளவில் சரி, யாரைப் பற்றிச் சரி என்னும் கேள்விகளே வரலாற்று ஆய்வுக்கு அதிகம் பயன்படுவன. எல்லைப்புறத் தாலுகா ஒன்றின் தேர்தல் வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு தெளிவாகும்.

சித்தூர் தாலுகாவின் அரசியல் நிலவியல் தொடக்கம் முதலே சராசரிக்குள் அடங்காதது. கொச்சி சமஸ்தானத்தின் பகுதியாக இருந்த இது, மலபார், கோயம்புத்தூர் என்னும் பிரிட்டிஷ் மாவட்டங்களால் சூழப்பட்டு, கொச்சியின் ஏனைய நிலப்பரப்பிலிருந்து துண்டாகக் கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர்–கொச்சி இணைந்தபோது சித்தூரும் அதனுடன் சென்றது. ஆகவே சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் சித்தூர்க்காரர் திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்துக்கும், சில கல் தொலைவில் இருந்த பாலக்காட்டுக்காரர் சென்னைச் சட்டமன்றத்துக்கும் வாக்களித்தனர். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவான பிறகே இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு மாவட்டம் அமைந்தது.

அக்காலத்தில் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் இந்தப் பக்கம் வரவில்லை. ஆயினும் எல்லைப்புற மக்களின் விருப்பத்தை எண்களால் நிறுவும் முயற்சி நடந்தது. மொழிவாரி மாநில மறுசீரமைப்பு விவாதத்தில் இரண்டு எண்கள் சான்றாக முன்வைக்கப்பட்டன. ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழிப் பட்டியல். மற்றொன்று, தேர்தல் முடிவுகள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1954 தேர்தலில் 12 இடங்களை வென்றது. தமிழ்ப் பகுதிகளின் விருப்பத்துக்கு அவ்வெற்றியே சான்று என்று அக்கட்சி வாதிட்டது. ஆனால் தேவிகுளம், பீர்மேடு விவகாரத்தில் பசல் அலி தலைமையிலான ஆணையம் அதை ஏற்கவில்லை. மலைத்தோட்டங்களுக்கு வந்து போகும் தொழிலாளர் தொகை நிலையானதன்று என்ற வாதம் அங்கே எடைபெற்றது. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் அப்பகுதிகள் கேரளத்திலேயே தங்கின. எண்ணப்பட்டவர் யார், "நிலையான" மக்களாகக் கருதப்பட்டவர் யார் என்ற கேள்விகள் எண்ணுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. கணிப்பியலின் அடிப்படைச் சிக்கலும் இதுவே.

அச்சிக்கலை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது 1936இல். அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. சுமார் 23 லட்சம் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகள் பெருமளவு தொலைபேசிக் கையேடுகளிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தன. பொருளாதார மந்தத்தின் நடுவில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிற்கால ஆய்வுகள் இன்னொரு காரணத்தையும் சேர்த்தன. சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்களின் மனநிலை, அனுப்பியவர்களின் மனநிலையிலிருந்து வேறுபட்டிருந்தது. அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியுடன் ரூஸ்வெல்டின் வெற்றியைச் சொன்ன ஜார்ஜ் கேலப் புகழ்பெற்றார். அவரும் 1948இல் தவறினார். ட்ரூமன் தோற்பார் என்று கணித்த நிறுவனங்கள் தேர்தலுக்குப் பல நாட்கள் முன்பே கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தன. மாதிரி பெரிதாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை 1936இல் உடைந்தது. ஒருமுறை சரியாகச் சொன்ன முறை மறுமுறையும் சரியாகச் சொல்லும் என்ற நம்பிக்கை 1948இல் உடைந்தது.

இந்தியாவில் இம்முறை 1950களில் எரிக் டி கோஸ்டாவின் இந்தியப் பொதுக்கருத்து நிறுவனத்தின் வழியே அறிமுகமாயிற்று. ரஜனி கோத்தாரி 1963இல் தில்லியில் நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம், 1967 தேர்தலையொட்டி நாடளாவிய வாக்காளர் ஆய்வை மேற்கொண்டது. அதன் நோக்கம் வெற்றியாளரை முன்னறிவிப்பதாக இருக்கவில்லை. மக்கள் ஏன் இவ்வாறு வாக்களிக்கின்றனர் என்பதை அறிவதே நோக்கம். 1980களில் பிரணாய் ராய், அசோக் லாகிரி, பிரித்தானிய அறிஞர் டேவிட் பட்லர் ஆகியோரின் பணி வழியே கணிப்பு இதழ்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உரியதாயிற்று. அவர்கள் எதிர்கொண்ட முதன்மையான வினா ஒன்று: இத்தனை விழுக்காடு வாக்கு என்றால் இத்தனை இடங்கள் என்று எப்படிச் சொல்வது?

அவ்வினாவின் கடுமையைக் கேரளத்தின் முதல் இரு சட்டமன்றத் தேர்தல்களே காட்டிவிட்டன. 1957இல் கம்யூனிஸ்ட் கட்சி சுமார் 35 விழுக்காடு வாக்குடன் 126 இடங்களில் 60ஐ வென்று, சுயேச்சைகளின் ஆதரவோடு ஆட்சி அமைத்தது. காங்கிரஸ் சுமார் 38 விழுக்காடு பெற்றும் 43 இடங்களில் நின்றது. 1960இல் கம்யூனிஸ்ட் கட்சியின் வாக்கு சுமார் 39 விழுக்காடாக உயர்ந்தது. அதன் இடங்களோ 29ஆகக் குறைந்தன. எதிர்த்தவர்கள் இம்முறை ஒன்றாக நின்றதே காரணம். வாக்கு விழுக்காட்டை அணுவளவும் பிசகாமல் கணித்த ஒருவர்கூட, எதிரணி ஒற்றுமையைக் கணக்கில் கொள்ளாதிருந்தால், இந்த இரு தேர்தல்களிலும் ஆட்சி யாருடையது என்பதைத் தவறாகவே சொல்லியிருப்பார். பட்லர் குழு "எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு" ஒன்றை வகுத்ததன் பின்னணி இத்தகைய இந்திய அனுபவமே.

வாக்கை இடமாக மாற்றப் பலகாலமாகக் கையாளப்படும் எளிய வழி, "சீரான வாக்கு நகர்வு" என்னும் அனுமானம். மாநிலம் முழுவதும் ஒரு முன்னணிக்கு 3 விழுக்காடு கூடினால், ஒவ்வொரு தொகுதியிலும் சென்ற தேர்தல் வாக்குடன் 3 விழுக்காட்டைக் கூட்டிப் பார்ப்பது அது. தொகுதிகள் ஏறத்தாழ ஒன்றுபோல் அசையும் நாட்டில் இது ஓரளவு பயன்படும். சித்தூர் அவ்வாறு அசைந்த தொகுதி அன்று.

1991இல் கேரளத்தில் ஐக்கிய ஜனநாயக முன்னணி வென்றது. சித்தூர், ஜனதா தளத்தின் கே.கிருஷ்ணன்குட்டியைத் தேர்ந்தெடுத்தது. 1996இல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. சித்தூர் காங்கிரசின் கே.அச்சுதனை அனுப்பியது. 2001இல் மாநிலமும் தொகுதியும் ஒத்துப்போயின. 2006இல் இடது முன்னணி பெருவெற்றி பெற்றபோது சித்தூர் மீண்டும் அச்சுதனையே தேர்ந்தெடுத்தது. 2011, 2016, 2021 ஆகிய மூன்றிலும் தொகுதி மாநிலத்தோடு சென்றது. ஆக, 1991 முதல் 2021 வரையிலான ஏழு சட்டமன்றத் தேர்தல்களில் மூன்றில் சித்தூர் ஆளவந்த முன்னணிக்கு எதிராக வாக்களித்துள்ளது. ஒத்துப்போன ஆண்டுகளிலும் அளவு ஒத்துப்போகவில்லை. 2016இல் கிருஷ்ணன்குட்டி அச்சுதனை வென்ற வித்தியாசம் 7,285. 2021இல் அவர் பெற்ற வித்தியாசம் 33,878. ஏறத்தாழ ஐந்து மடங்கு வளர்ந்த இந்த இடைவெளியை எந்த மாநிலச் சராசரியும் விளக்காது.

இதற்கான காரணங்கள் உள்ளூரிலேயே உள்ளன. சித்தூரின் அரசியலில் ஆளியாற்று நீர் ஒரு நிலையான பொருள். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே கையொப்பமாயிற்று. அதன்படி சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் கிடைக்க வேண்டும். கோடையில் நீர் குறைந்தால் நெல்வயலும் தென்னந்தோப்பும் வாடும். அப்போது வாக்காளரின் கேள்வி கேரள அரசை நோக்கி மட்டுமன்று, எல்லைக்கு அப்பாலும் செல்லும். 2018 நவம்பர் முதல் 2021 வரை மாநில நீர்வளத்துறை அமைச்சராக இருந்தவர் இத்தொகுதியின் உறுப்பினரே. அந்த வித்தியாச வளர்ச்சிக்கு இதுவே முழுக்காரணம் என்று சொல்லச் சான்று போதாது. ஆனால் விலைவாசி, வேலைவாய்ப்பு, ஊழல், முதல்வரின் செயல்பாடு என்று மாநிலம் முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்படும் வினாத்தாளில் மணக்கடவு இடம்பெறுவதில்லை என்பது உறுதி. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் நிலத்தடி நீர்ப் போராட்டம் குளிர்பான ஆலை ஒன்றின் இயக்கத்தையே 2004இல் நிறுத்தியது. அது நிகழ்ந்ததும் இதே தாலுகாவில்தான். இங்கு நீர் ஒரு தேர்தல் பொருள். கேட்கப்படாத கேள்விக்கு எந்த மாதிரியும் விடை தராது.

எண்ணிக்கையின் எல்லையையும் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். மாநிலம் முழுவதும் 3,000 பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து கேட்கும் கணிப்பில், ஒரு முன்னணியின் வாக்கு விழுக்காட்டுக்கு உரிய பிழை வரம்பு ஏறத்தாழ கூட்டியும் குறைத்தும் 1.8. இரு முன்னணிகளுக்கு இடையிலான இடைவெளிக்கு உரிய பிழை அதைப்போல் சுமார் இருமடங்கு. அந்த 3,000 பேரை 140 தொகுதிகளுக்கும் பகிர்ந்தால் சித்தூருக்கு வருபவர் சுமார் 21 பேர். 21 பேரின் விடையிலிருந்து தொகுதியின் நிலையைச் சொன்னால் பிழை வரம்பு கூட்டியும் குறைத்தும் 21 விழுக்காடு. அதாவது எதுவும் சொல்லாததற்குச் சமம். சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்ந்த தொகுதி அது. நல்லேப்பிள்ளியின் பங்கு இரண்டு மூன்று பேர். நடைமுறையில் நிறுவனங்கள் எல்லாத் தொகுதிகளுக்கும் செல்வதும் இல்லை. சில தொகுதிகளையும் அவற்றில் சில வாக்குச்சாவடிகளையும் தேர்ந்து அங்கே இருபது முப்பது பேரைக் கேட்கின்றன. ஆகவே நல்லேப்பிள்ளி பெரும்பாலும் பட்டியலிலேயே இராது. இருந்தால், பல ஊர்களுக்கும் பதிலாக அது ஒன்றே பேசும்.

இது கணிப்பின் குற்றம் அன்று. முறையாக எடுக்கப்பட்ட மாதிரி மாநிலத்தின் சராசரியை உரைக்கும். அதற்காகவே அது உருவாக்கப்பட்டது. குற்றம் தொடங்குவது, அந்தச் சராசரியைக் கொண்டு ஒவ்வொரு தொகுதிக்கும் வெற்றியாளரை வரைபடத்தில் வண்ணம் தீட்டும்போதுதான்.

சராசரியே நெருக்கமாக இருக்கும் தேர்தல்களில் மாநில அளவிலும் கணிப்புக்கு வழியில்லை. 2011இல் கேரளத்தில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 72, இடது முன்னணி 68 இடங்களைப் பெற்றன. வாக்கு இடைவெளி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சில கணிப்புகள் ஐக்கிய முன்னணிக்கு வசதியான பெரும்பான்மை என்றன. இடது முன்னணி மயிரிழையில் முந்தும் என்ற கணிப்பும் வந்தது. பிழை வரம்புக்குள் கிடந்த உண்மையை அவற்றுள் எதுவும் உறுதியாகக் கண்டிருக்க முடியாது. தமிழ்நாட்டில் 2016இல் பல கணிப்புகள் தி.மு.க. கூட்டணிக்குச் சாதகமாக வந்தன. அ.தி.மு.க. அப்போது தேர்தல் நடந்த 232 இடங்களில் 134ஐ வென்றது. இரு அணிகளின் வாக்கு இடைவெளி ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அந்த ஒரு விழுக்காடு 36 இடங்களின் வேறுபாடாக விரிந்தது. கேரளத்தில் 2021இல் சில கணிப்புகள் இழுபறி என்றன, வேறு சில நூற்றை எட்டும் வெற்றி என்றன. இடது முன்னணி 99 இடங்களைப் பெற்றது. இப்படிப்பட்ட சிதறலில் யாரேனும் ஒருவர் முடிவுக்கு அருகில் இருந்தே தீருவார். அருகில் இருந்ததாலேயே அவரது முறை சிறந்தது என்று ஆகிவிடாது.

தேசிய அளவிலும் இக்கதை மாறவில்லை. 2004இல் பெரும்பாலான கணிப்புகள் ஆளும் தேசிய ஜனநாயகக் கூட்டணியை முன்னிறுத்தின. முடிவில் காங்கிரஸ் 145, பாரதிய ஜனதா 138. 2024இல் அதே ஆக்சிஸ் மை இந்தியா தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் என்றது. கிடைத்தவை 293. கணிப்பு வெளியான பின் ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் உயர்ந்தது. வாக்கு எண்ணப்பட்ட ஜூன் 4 அன்று 4,389 புள்ளிகள் வீழ்ந்தது. ஒரே நிறுவனம், ஒரே தேர்தல், ஒரே முறை. கேரளத்தில் சரி, நாட்டளவில் பெரும் தவறு. ஓரிடத்துத் துல்லியம் பிறிதோரிடத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சராசரி மறைக்கும் வேறுபாடு பழையதும்கூட. 1977இல் நெருக்கடிநிலைக்குப் பின் வடஇந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோது, கேரளத்தின் 20 மக்களவை இடங்களையும் காங்கிரஸ் இடம்பெற்ற அணியே வென்றது. அன்று நாட்டுக்குக் கேரளம் எப்படியோ, பல தேர்தல்களில் கேரளத்துக்குச் சித்தூர் அப்படி.

எண்ணிக்கைக்கு அடுத்தது பேச்சும் மௌனமும். 1992 பிரித்தானியத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் வாக்கு குறைத்துக் கணிக்கப்பட்டது. தம் விருப்பத்தை வெளியே சொல்லக் கூசிய வாக்காளர் பற்றிய விவாதம் அங்கிருந்து வலுத்தது. ஜெர்மானிய அறிஞர் எலிசபெத் நோயல்–நாய்மன் 1970களிலேயே, தம் கருத்து சிறுபான்மை என்று எண்ணுவோர் மெல்ல மௌனமாவர் என்று வாதிட்டிருந்தார். இந்திய ஊர்களில் இம்மௌனத்துக்குக் காரணங்கள் மிகுதி. கேட்பவர் எந்தக் கட்சிக்காரர், எந்தச் சாதிக்காரர், அரசு ஆளா, சொன்னால் நலத்திட்டம் நின்றுவிடுமா என்ற ஐயங்கள் விடைக்கு முன்பே எழும். வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நீதி ஆய்வுகளில், வாக்கு யாருக்கு என்று வாயால் கேட்காமல், சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைத் தந்து பெட்டியில் இடச் சொல்லும் வழக்கம் உண்டு. மௌனத்தை மதித்து அமைந்த முறை அது. தொலைபேசியில் சில நிமிடங்களில் முடியும் கணிப்பில் அதற்கு இடமில்லை.

எல்லைப்புற ஊரில் இதனுடன் மொழியும் சேர்கிறது. சித்தூர் தாலுகாத் தமிழர் பலர் மலையாளம் நன்கு பேசுவர். பள்ளியும் அலுவலகமும் அதைக் கற்றுத் தந்துள்ளன. ஆயினும் அந்நியர் ஒருவர் வாயிலில் நின்று மலையாளத்தில் அரசியல் வினா எழுப்பும்போது, அது அரசின் மொழியாகவே காதில் விழும். அதற்கு வரும் விடையும் அலுவலகத்தில் சொல்லும் விடையாகவே இருக்கக்கூடும். விடையளிக்க மறுப்பவரும், "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பவரும் ஒரு மொழிச் சிறுபான்மையில் அதிகமாக இருந்தால், மாநிலக் கணக்கில் அவர்கள் ஓசையின்றிக் கரைந்துவிடுவர். பகலில் கேள்வித்தாளுடன் வருபவருக்கு வயலில் இருப்பவரும் கள்ளிறக்கப் போனவரும் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ வேலைக்குச் சென்றவரும் கிடைக்கமாட்டார்கள். வீட்டில் இருப்பவர் கிடைப்பார். 1936இல் தொலைபேசிக் கையேடு செய்த வேலையை இங்கே பகல் வெளிச்சம் செய்கிறது.

சட்டம் இவற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. தேர்தல் ஆணையம் 1998 ஜனவரியில் கருத்துக்கணிப்புகளுக்கும் வாயிற் கணிப்புகளுக்கும் கட்டுப்பாடுகளை வகுத்தது. 1999இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சட்டத்தின் துணையின்றி அவற்றை நடைமுறைப்படுத்த இயலுமா என்ற கேள்வி எழுந்தது. ஆணையம் அவற்றைத் திரும்பப் பெற்றது. பின்னர் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ பிரிவு சேர்ந்தது. வாக்குப்பதிவு தொடங்கியது முதல் இறுதிக் கட்டம் முடிந்து அரைமணி நேரம் வரை வாயிற் கணிப்பை வெளியிடுவது இதன்படி குற்றம். ஈராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இச்சட்டம் எப்போது வெளியிடலாம் என்று கூறுகிறது. எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. யார் பணம் தந்தது, எத்தனை பேரை அணுகியதில் எத்தனை பேர் மறுத்தனர், எந்த மொழியில் கேட்டனர், வாக்கை இடமாக எவ்வாறு மாற்றினர் என்பவற்றை வெளியிடும் கடமையை அது விதிக்கவில்லை. தேதியைக் காத்துக்கொண்டால் போதும், முறையை மறைத்துக்கொள்ளலாம் என்ற நிலை இதனால் நீடிக்கிறது.

இதில் இழப்பு யாருக்கு என்பது முக்கியம். கட்சிகள் பணத்தையும் தலைவர்களின் நேரத்தையும் "போட்டி நிலவும்" தொகுதிகளுக்கே அனுப்புகின்றன. எது அத்தகைய தொகுதி என்பதைப் பெரும்பாலும் கணிப்புகளே தீர்மானிக்கின்றன. ஒரு தாலுகாவின் நீர்ப் பங்கீடும் தமிழ்வழிப் பள்ளியின் ஆசிரியர் நியமனமும் மாநிலத்தின் "முதன்மைப் பிரச்சினைகள்" பட்டியலில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. ஏனெனில் அவற்றைச் சொல்பவர்களே மாநில மாதிரியில் ஒரு விழுக்காடு இல்லை. பட்டியலில் வராத பொருள் விவாதத்தில் வராது. விவாதத்தில் வராதது தேர்தல் அறிக்கையில் ஒரு வரியாகச் சுருங்கும். பெரும்பான்மையின் குரலை அளக்கும் கருவி, அளக்கும் செயலாலேயே சிறுபான்மையின் குரலைத் தணிக்கும் நிலை இது. தேவிகுளத்தின் தொழிலாளரை "வந்துபோகிறவர்" என்று 1955இல் ஒதுக்கிய எண்ணுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆகவே கணிப்புகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பதன்று. லோக்நீதி போன்ற ஆய்வுகள் சாதி, பாலினம், வயது, கல்வி ஆகியவற்றுக்கும் வாக்குக்கும் உள்ள உறவைப் பல்லாண்டுகளாகத் தொகுத்துள்ளன. இந்திய ஜனநாயகத்தை எழுதும் எவரும் அவற்றைத் தவிர்க்க முடியாது. மாணவர்கள் கைக்கொள்ள வேண்டியது ஒரு வரிசை ஒழுங்கு. முதலில் மாதிரியின் தேர்வு முறையையும் மறுத்தவர் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அடுத்து வாக்கு விழுக்காட்டைப் பிழை வரம்போடு சேர்த்து வாசிக்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கையைக் கடைசியில், அனுமானத்தின் விளைவாக மட்டுமே கொள்ள வேண்டும். தொகுதி பற்றிய கூற்று வந்தால், அத்தொகுதியில் எத்தனை பேரைக் கேட்டனர் என்று வினவ வேண்டும். விடை இல்லையெனில் அக்கூற்றை ஒதுக்கிவிட்டு, அவ்வூரின் கடந்த ஏழெட்டுத் தேர்தல் முடிவுகளை வாக்குச்சாவடி வாரியாக எடுத்துப் படிப்பதே மேல். எண்ணப்பட்ட வாக்குகள் அங்கே இருக்கின்றன. கணிப்பைவிட மெதுவானவை, ஆனால் யாரையும் விட்டுவிடாதவை.

2024 ஜூன் 1 அன்று கேரளத்தின் இடது முன்னணிக்கு எதிரே எழுதப்பட்ட "பூஜ்யம் முதல் ஒன்று" என்ற வரம்பு, மாநிலக் கணக்கில் மிகச் சிறியது. பூஜ்யம் என்று முடிந்திருந்தாலும் கணிப்பு சரியே, ஒன்று என்று முடிந்தாலும் சரியே. நல்லேப்பிள்ளி உள்ளிட்ட ஆலத்தூரின் வாக்காளர்களுக்கோ, தங்கள் உறுப்பினர் யார் என்ற கேள்வி முழுவதும் அந்த இரு எண்களுக்கு இடையிலேயே இருந்தது.